'ரண்டும்' என்ற தெரியாத கோப்பு

போன மாதம் உங்கள் கணினித் தடய ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், பச்சைப் பொட்டு விழுந்த கோப்பை நாங்கள் திறந்தே பார்ப்பதில்லை மேடம், நேரம் மிச்சம் என்று. நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். ஓய்வு பெற்றவள் விருந்துக்குப் போன இடத்தில் சண்டை போடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் பாறசாலைக்குத் திரும்புகிற பஸ்ஸில் வழி முழுக்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இதற்கும் ஒரு பச்சைப் பொட்டு வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு கோப்பை ஹாஷ் போடும் நிரலில் கொடுத்தால் எழுத்துகளும் கலந்த நீளமான ஓர் எண் வரும். அதே கோப்பை எந்த ஊரில், எந்தக் கணினியில் கொடுத்தாலும் அதே எண்தான் வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். உலகத்தில் வெளிவந்த மென்பொருள்களின் கோப்புகளைத் திரட்டி, அவற்றின் ஹாஷ் எண்களைப் பெரிய பட்டியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வரும் கணினியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், எல்லார் வீட்டுக் கணினியிலும் கிடக்கிற கோப்புகள் 'தெரிந்தவை' என்று பச்சைப் பொட்டோடு ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை நாம் உட்கார்ந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. பட்டியல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை வாசிக்கிறவர்கள் மேல்தான் எல்லாக் குறையும்.

எங்கள் பக்கத்தில், கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, 'தெரிஞ்ச ஆளு' என்பது ஒரு நற்சான்றிதழ். வாடகைக்குக் குடிவைக்க, கார் ஓட்ட, பெண் கொடுக்க, எதற்கும் யாராவது ஒருவர் "நமக்குத் தெரிஞ்ச ஆளாக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும். அவன் என்ன செய்கிறான் என்று அதற்குமேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மலையாளத்தில் 'அறியாவுன்ன ஆளா' என்று சொன்னாலும் இதே கதைதான். 'தெரியாத ஆளு' என்று பெயர் விழுந்தவன் சும்மா பஸ்ஸுக்கு நின்றாலும் நாலு பேர் முறைப்பார்கள். நம் பட்டியலில் 'தெரிந்தது' என்றால் 'முன்பே பார்த்திருக்கிறோம்' என்று மட்டும்தான் பொருள். கடவுச்சொல் திருடுகிற நிரல்கூட அதில் உண்டு, அதையும் யாரோ வெளியிட்டிருக்கிறார்கள் அல்லவா. இத்தனை படித்து, சுவரெல்லாம் சான்றிதழ் மாட்டி வைத்துவிட்டு, கடைசியில் பஸ் ஸ்டாப் வழக்கத்தையே கணினிக்குள்ளும் நடத்துகிறீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னால் வந்த விஷயம் இது. தனுவச்சபுரத்துக்கும் பாறசாலைக்கும் இடையில் எங்கோ ஒரு தனியார் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளி என்று கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் மூளைக்குக் கொடுக்க வேண்டாம். அதற்கு வேறு வேலைகள் பாக்கி இருக்கின்றன.

அங்கே அரையாண்டுத் தேர்வின் கேள்வித்தாள் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. தாளை டைப் அடித்தது ஷீபா என்ற அலுவலகப் பெண். அந்தப் பள்ளியில் தமிழும் மலையாளமும் உண்டு, இரண்டு மொழித் தாளையும் அடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் சந்தேகம் வேறு எங்கும் போகவில்லை. பள்ளியின் மானேஜர் நகரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். நிபுணர் அலுவலகக் கணினியைப் பார்த்துவிட்டு, வழுவழுப்பான தாளில், வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை கொடுத்தார். ஷீபாவைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைப் போட்டே அறிவித்தார்கள்.

ஷீபாவின் பெயர் அப்போது கேரள அரசுத் தேர்வாணையத்தின், அதாவது பி.எஸ்.சி.யின், ரேங்க் லிஸ்டில் இருந்தது. அரசு வேலைக்கான உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி. உத்தரவு வந்ததும் போலீஸ் சரிபார்ப்பு நடக்கும். அப்போது அவள் மேல் ஒரு வழக்கு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மானேஜர் புகாரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசை டிராயரில் வைத்திருந்தார். நிர்வாகக் குழு ஒருநாள் சாயங்காலம் கூடுவதாக இருந்தது. கூடியதும் புகார் ஸ்டேஷனுக்குப் போகும்.

அந்தக் குழுவில் வசந்தா டீச்சர் என்று ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் வழிக்கு வரவில்லை. எனக்குப் போன் பண்ணினார்.

"டாக்டர்ட்ட ரண்டாமது ஒருக்க காட்டுவோம்லா மக்கா, அது மாதிரி ஆக்கும் இதும். ஒரு பிள்ளைக்க ஜீவிதம். ஒரு ஆளு பறஞ்சதை வச்சு முடிச்சிரப் பிடாது. நீ வந்து ஒண்ணு பாரு."

டீச்சர் சொல்லி, பள்ளிக் கணினியின் வட்டு நகல் எங்கள் ஆய்வகத்துக்கு முன்பே வந்திருந்தது. குழு கூடும் நாள் காலையில் நான் பள்ளிக்குப் போனேன். மானேஜர் மரியாதையாக உட்காரச் சொல்லி, நிபுணரின் அறிக்கையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார், வேதப் புத்தகத்தைக் கொடுக்கிற மாதிரி.

அறிக்கையின் சாரம் இது. கணினியில் இருந்த நிரல்கள் எல்லாம் உலகப் பட்டியலில் தெரிந்தவை. ஒரே ஒரு நிரல் மட்டும் பட்டியலில் இல்லை. அது விசைப்பலகையில் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் இடைமறிக்கிறது. ஆகவே அது உளவு நிரல். அதன் பெயர் 'ராண்டம்' என்கிற ஆங்கிலச் சொல். கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்காகப் பெயரின் எழுத்துகளை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள்.

கோப்பின் பெயரைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ரண்டும், randum, என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரண்டும் என்றால் ரண்டும்தான். இரண்டும். தமிழும் மலையாளமும். பாறசாலையில் டிடிபி கடை வைத்திருக்கிற கிறிஸ்துதாஸ், ஒரே விசைப்பலகையில் இரண்டு மொழியும் அடிக்கிற மாதிரி ஒரு நிரலை ஒட்டுப்போட்டுச் செய்து, ஊரெல்லாம் கொடுத்திருந்தான். எல்லை தாண்டிய கல்யாணக் கடிதம், கோயில் கொடை நோட்டீஸ், சபை ஆண்டறிக்கை எல்லாம் அதில்தான் அச்சுக்குப் போகும். தட்டுகிற எழுத்தை இடைமறிக்காமல் அதை எப்படி 'அ' ஆக்குவது? நிபுணர் அசல் மலையாளி. அவர் வீட்டில் சோறா சப்பாத்தியா என்று கேட்டால் ரண்டும் என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்ததும் அவருக்குத் தாய்மொழி மறந்து, ஆங்கிலம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. இதற்கு அவர் வாங்கிய சம்பளத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

என் முகம் மாறியதை வசந்தா டீச்சர் கவனித்துவிட்டார். வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"நினக்கு அது என்னன்னு தெரியும், இல்லியா?"

"தெரியும் டீச்சர். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் பழசு ஒண்ணு உண்டு."

"பின்ன என்ன. சாயங்காலம் கமிட்டில நீ அதைச் சொல்லு. நீ சொன்னா அவிய கேப்பாவ. நீ நமக்குத் தெரிஞ்ச ஆளாக்கும்."

பாருங்கள், நல்ல மனசுக்காரியான அந்த டீச்சரும் வந்து நின்ற இடம் அதுதான். எனக்குத் தெரியும், ஆகவே அது நல்லது. நிபுணருக்குத் தெரியாது, ஆகவே அது கெட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்தது 'ரண்டும்' என்கிற பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே யாரும் எதையும் செருகலாம், ஷீபாவே செருகியிருக்கலாம். நான் கமிட்டியில் எழுந்து நின்று இது எங்கள் ஊர்ச் சாமான் என்று சொன்னால், மானேஜர் நிபுணரின் வண்ணப்படங்களைக் காட்டி என்னை உட்கார வைப்பார். அதுவும் நியாயம்தான்.

"நான் சொல்லுகது போராது டீச்சர். கடையில இருந்து ஒரு நகல் எடுத்து ஹாஷ் போட்டுப் பாக்கணும். ஷீபா கைபடாத நகலும் ஷீபா கம்ப்யூட்டர்ல இருக்குகதும் ஒண்ணா இருந்தா, அவ அதுல ஒண்ணும் பண்ணல்லன்னு அர்த்தம்."

ஷீபா பள்ளி கேட்டுக்கு வெளியே, எதிரே இருந்த மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். என்னைக் கண்டதும் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. நேராகக் கேட்டாள்.

"மேடம், நீங்களும் அந்தப் பட்டியலை வச்சுத்தான் பாப்பியளா?"

"ஆமா."

"அப்போ அதுல நம்ம ஊரு உண்டான்னு முதல்ல பாருங்க" என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

கிறிஸ்துதாஸின் கடை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்தது. அவனைப் பற்றி உயர்வாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். தற்பெருமை பிடித்த ஆள். ஒரு நல்ல நிரலைச் செய்துவிட்டு, அதைத் திறந்ததும் தன் கடையின் பெயர்தான் முதலில் மின்ன வேண்டும் என்று பாடுபட்டவன். நான் நகல் கேட்டதும் மகிழ்ச்சியாகக் கொடுத்தான். அவன் கண்முன்னாலேயே ஹாஷ் போட்டேன். பள்ளிக் கணினியில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டேன்.

பொருந்தவில்லை.

இன்னொரு தடவை போட்டேன். பொருந்தவில்லை. உள்ளது உள்ளபடி சொல்கிறேன், ஷீபாவை ஒரு கணம் சந்தேகப்பட்டேன். மருந்துக்கடை வாசலில் நின்று அத்தனை திமிராகப் பேசியவள் கடைசியில் இப்படியா என்று நினைத்தேன். அப்போது கிறிஸ்துதாஸ் என் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மேடம், ஒத்துப் போகல்லியா? ஸ்கூல்ல இருக்குகதுல முகப்புப் படம் எது, பூவா, நட்சத்திரமா?"

"என்ன பூ, என்ன நட்சத்திரம்?"

"ஓணத்துக்கு அத்தப்பூ போடுவேன், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் போடுவேன். நம்ம கஸ்டமர் ரண்டு கூட்டமும் உண்டுல்லா. ஒவ்வொரு பெருநாளைக்கும் படத்தை மாத்தி, வாழ்த்து எழுதி, புதுசா ஆக்கிக் குடுப்பேன். இப்போ குடுத்தது பூவாக்கும்."

"வெர்ஷன் நம்பர் போடுவியா?"

"அது என்னத்துக்கு மேடம்? படத்தைப் பாத்தா தெரியுமே."

இப்படி ஒரு ஆளை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. நிரலின் வயிற்றுக்குள் வாழ்த்து அட்டையைத் திணித்து, பெருநாளுக்குப் பெருநாள் புதுக் கோப்பாக்கி, எண்ணும் போடாமல், பழையதையும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குள் விட்டிருக்கிறான். உலகப் பட்டியலை விடுங்கள், அவன் கடையிலேயே அவன் செய்த நிரலுக்குப் பட்டியல் இல்லை. வட்டு நகலில் திறந்து பார்த்தேன், பள்ளிக் கணினியில் இருந்தது நட்சத்திரம். அந்த நட்சத்திரப் பதிப்பு அவனிடம் ஒரு நகல்கூட இல்லை.

"முந்தின கிறிஸ்துமஸ் சமயத்துல யாருக்கெல்லாம் குடுத்தே? யோசிச்சுச் சொல்லு."

கிறிஸ்துதாஸ் தலையைச் சொறிந்தான். "எத்தனையோ பேருக்கு. ஆங், ஸ்கூல் மானேஜர் சாருக்க லேப்டாப்லயும் போட்டேன். அவருக்க மகளுக்கு அப்போதானே கல்யாணம். மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கம். கல்யாணக் கடிதம் ரண்டு பாஷைலயும் வேணும்னு சார் வீட்டுலயே இருந்து திருத்துனாவ." பிறகு கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "அந்தப் பிள்ளைக்க மேல புகார் எழுதினதும் இங்கயாக்கும் மேடம். ரண்டும்லதான் அடிச்சுக் குடுத்தேன்."

நான் பள்ளிக்குத் திரும்பியபோது மானேஜர் சாப்பிட்டு முடித்து ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார். கடையில் எண் பொருந்தவில்லை என்பதை நானே முதலில் சொன்னேன். மறைத்து வைத்துப் பின்னால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. அவர் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்தது.

"நான் சொன்னேன்லா மேடம். நகரத்துல இருந்து வந்த ஆளு சும்மா சொல்லுவாரா?"

"சார், உங்க லேப்டாப்பை ஒருக்க காட்டுவியளா?"

"என் லேப்டாப்பா? அதுல என்ன உண்டு?"

"மகளுக்க கல்யாணக் கடிதம் உண்டுல்லா. அது அடிச்ச நிரல் வேணும்."

அவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். தன்னுடைய பொருளில் கெட்டது இருக்க முடியாது என்கிற நம்பிக்கை அவருக்கு. திறந்தேன். நட்சத்திரம் மின்னியது. வசந்தா டீச்சரையும் மானேஜரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கண்ணெதிரே ஹாஷ் போட்டேன். இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக வைத்து, டீச்சரை உரக்க வாசிக்கச் சொன்னேன். கணக்கு டீச்சர் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். கடைசி எழுத்துவரை பொருந்தியது.

"அப்போ என் லேப்டாப்லயும் உளவு நிரலா?" என்றார் மானேஜர். அவர் குரல் அன்றைக்கு முதல் தடவையாக இறங்கியது.

"அறிக்கையில அப்படித்தானே சார் எழுதியிருக்கு."

"சே. இது கிறிஸ்துதாஸ் போட்டுத் தந்ததாக்கும். தெரிஞ்ச ஆளு."

ஷீபாவின் கணினியில் இருந்தால் உளவு, தன் மடியில் இருந்தால் தெரிந்த ஆள் கொடுத்த பொருள். கோப்பு ஒன்றேதான். இதை அவருக்கு விளக்க நான் முயலவில்லை, மனுஷனுக்கு அன்றைக்கு ஏற்கெனவே போதுமான அளவு வேதனை.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் கடையைக் கட்டியிருப்பீர்கள். எண் பொருந்தியாயிற்று, பெண் நிரபராதி, போகலாம். பொருந்தியது என்பதால் அந்த நிரல் நல்லது என்று ஆகிவிடாது. கிறிஸ்துதாஸே ஊரை உளவு பார்க்கிறானோ என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேன், பிரித்தும் பார்த்தேன். எழுத்தை மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எதையும் சேமிக்கவில்லை, எங்கும் அனுப்பவில்லை. உள்ளே அவன் கடைப் பெயர் மட்டும் தேவைக்கு அதிகமான இடங்களில் இருந்தது.

அப்படியானால் கேள்வித்தாள் எப்படி வெளியே போயிற்று? நிபுணர் தெரிந்த கோப்புகளையெல்லாம் முதல் காரியமாகக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆடியிருந்தார். நான் மறைத்ததையெல்லாம் மறுபடி வெளியே கொண்டுவந்தேன். பார்க்க வேண்டியது கோப்பு தெரிந்ததா என்பதல்ல, அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது. பள்ளி அலுவலகக் கணினியில், கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு நிரல் உட்கார்ந்திருந்தது. தூரத்தில் இருந்தபடியே ஒரு கணினியை இயக்க உதவுகிற நிரல். உலகமெல்லாம் பயன்படுத்துகிறார்கள். கெட்ட நிரலே இல்லை, அசல் பதிப்பு, ஹாஷ் பட்டியலோடு கச்சிதமாகப் பொருந்தியது. பச்சைப் பொட்டு.

"இதை யாரு போட்டது சார்?" என்று கேட்டேன்.

மானேஜர் எட்டிப் பார்த்தார். "அதுவா, அது அனீஷ் போட்டதாக்கும். எனக்க தங்கச்சிக்க மகன். கம்ப்யூட்டர் கேடானா வீட்டுல இருந்தே சரியாக்கித் தருவான். அவன் நமக்க பையன் மேடம்."

"அவன் என்ன வேலை செய்யியான்?"

வசந்தா டீச்சர்தான் சொன்னார். "தனுவச்சபுரத்துல டியூஷன் சென்டர் வச்சிருக்கான். வர்ற கேள்வியை முன்னாலேயே சொல்லிருவான்னு அவனுக்குப் பேரு. பஸ் ஏறிப் பிள்ளைய போகுது."

சொல்லிவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மானேஜரைப் பார்த்தேன். மானேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

தூரத்திலிருந்து இயக்குகிற அந்த நிரல், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தானே எழுதி வைத்துக்கொள்ளும். ஷீபா கேள்வித்தாளை அடித்து முடித்துவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காக விடுப்பில் போன அன்று, ஒரு கணினி வெளியிலிருந்து உள்ளே நுழைந்து அந்தத் தாளை நகல் எடுத்திருந்தது. நுழைந்த கணினிக்கு அதன் சொந்தக்காரன் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தான். அனீஷ் கிங். இப்படிப்பட்ட ராஜாக்கள் இருக்கிறவரை நம் தொழிலுக்குக் குறைவு வராது.

இதுவரை வந்தது சுலபமான பகுதி. கமிட்டி கூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மானேஜர் என்னைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்க ரிப்போர்ட்ல ஒரு சின்ன காரியம். 'தெரியாத ஆள்' ஒருத்தர் வெளிய இருந்து நுழைஞ்சிருக்குன்னு போட்டா போராதா? பையனுக்குச் சின்ன வயசு. நாளைக்கு ஒரு ஜீவிதம் வேண்டாமா?"

நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவன் அகப்பட்டதும் அவன் தெரியாத ஆள் ஆகிவிட்டான். ஷீபா விஷயத்தில் பெயர், இனிஷியல், வேலை எல்லாவற்றையும் பெற்றோர் குழுவில் போட்டவர் இவர்தான். அவளுக்கும் நாளைக்கு ஒரு ஜீவிதம் உண்டு என்பது எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பை இத்தனை வருடம் கழித்தும் மரியாதையான சொல்லில் எழுத முடியவில்லை.

"சார், யார் குற்றவாளின்னு எழுதுகது எனக்க வேலை இல்ல" என்றேன். "நுழைஞ்ச கம்ப்யூட்டருக்க பேரு அதுலயே எழுதியிருக்கு. அதை நான் மாத்த மாட்டேன். அனீஷ் கிங்னு இருக்கு, அனீஷ் கிங்னு எழுதுவேன். அது யாருன்னு உங்க கமிட்டி யோசிக்கட்டு."

கமிட்டியில் நான் பேசியது கொஞ்சம்தான். இந்த நிரலும் அந்த நிரலும் ஒன்று, ஷீபா கைபடாத கணினியிலும் அதுவே இருக்கிறது, தாள் வெளியே போனது வேறு வழியில், அந்த வழி இது. அனீஷ் கிங் என்ற பெயரைப் படித்ததும் அறையில் இருந்தவர்களுக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. டிராயரில் இருந்த புகாரை வசந்தா டீச்சர் வாங்கி, எல்லார் முன்னாலும் குறுக்கே கிழித்தார். ஷீபாவின் பெயரைக் களங்கப்படுத்தியதற்கு மறு அறிவிப்பு ஒன்று, பள்ளி நோட்டீஸ் போர்டிலும் பெற்றோர் குழுவிலும், அன்றைக்கே போட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அனீஷை என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. டியூஷன் சென்டர் பிறகு கொஞ்ச நாளில் பூட்டிக் கிடந்ததை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். ஷீபாவுக்கு உத்தரவு வந்து, சரிபார்ப்பும் ஒழுங்காக முடிந்து, இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு அரசு அலுவலகத்தில் இருக்கிறாள்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். மறு அறிவிப்பை அடிக்க வேண்டுமே. அந்தப் பள்ளியில் அதை அடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மருந்துக்கடை வாசலில் இருந்து அவளையே கூப்பிட்டு வந்தார்கள். ஷீபா உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து 'ரண்டும்' நிரலைத் திறந்தாள். நட்சத்திரம் மின்னி மறைந்தது. மானேஜர் பின்னால் நின்று வாசகம் சொன்னார்.

"குற்றம் தெளியிக்கப்படவில்லை என்று போடு."

நிரூபிக்கப்படவில்லை என்பதற்கான மலையாளச் சொல் அது. ஷீபா அடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். 'ஷீபா குற்றம் செய்யவில்லை. நிர்வாகம் தவறாக அவர் பெயரை அறிவித்தது' என்று இருந்தது. மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். வசந்தா டீச்சர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மானேஜர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். அதற்குள் ஷீபா விசையை மாற்றி, அதையே மலையாளத்திலும் அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒரு பாஷை போராதா ஷீபா?" என்றார் மானேஜர், அலுப்பாக.

ஷீபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் பேரைப் போட்டப்போ ரண்டுலயும்தானே சார் போட்டிய," என்றாள். "ரண்டும் வேணும்."